படத்தில் உள்ளபடி ஒரு ஸ்டேஷன்

சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் தன் வாழ்நாளில் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. கூட்டம்தான் அவரைத் தேடி வரும். காலை ரயிலுக்கு முன்னால் வேர்க்க விறுவிறுக்க வந்து, வண்டியை அவர் கையில் தள்ளிவிட்டு, டோக்கனைப் பல்லில் கடித்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடும். மாலையில் சக்கையாய்த் திரும்பி வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போகும். ஸ்டேஷன் வாசலை ஒட்டித் தகரக் கூரை போட்ட அந்த ஸ்டாண்டில் அவரும் அவர் மனைவியும் மாறி மாறி உட்கார்ந்து பிழைப்பை ஓட்டினார்கள். அவர் டோக்கன் கொடுப்பார், அந்தம்மாள் பஞ்சர் ஒட்டுவாள். ஸ்டேஷன் இருக்கிறவரைக்கும் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்பது இருவரின் கணக்கு. ஸ்டேஷனுக்கே ஆபத்து வரும், அதுவும் அதைக் காப்பாற்ற வருகிறவர்களால் வரும் என்று அவர்கள் கண்டார்களா என்ன?

ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கிய ஒருவர், "சாயங்காலம் வெயிட்டிங் ரூமுக்கு வந்துடுங்க, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்" என்றார்.

"நான் எதுக்குங்க?"

"நீங்கதான் மக்கள்."

ஸ்டாண்டுக்காரர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

கூட்டத்தை நடத்தியது மரபுச் சின்ன மீட்பு வாரியம். அதன் தலைவர் எந்தப் பதவியிலிருந்தோ ஓய்வு பெற்று, அந்த ஓய்விலிருந்தும் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எப்போதும் கையில் வைத்திருப்பார். பயணிகள் யாராவது பக்கத்தில் வந்தால் அது மூக்குக்குப் போகும். மேஜையில் பிஸ்கட், தண்ணீர் பாட்டில், ஒவ்வொருவருக்கும் ஒரு பென்சில். எதிரே போட்டிருந்த நாற்காலிகளில் ஸ்டாண்டுக்காரரும், கட்டாயத்தின் பேரில் ஸ்டேஷன் மாஸ்டரும், மழைக்கு ஒதுங்கிய ஒரு நாயும் இருந்தார்கள்.

தலைவர் எழுந்தார்.

"இந்தக் கட்டடத்தைப் பாருங்க. எவ்வளவு அழகு. இதைக் கெடுத்தது யாரு? பயணிகள். தினமும் வர்றாங்க, போறாங்க. ஒருத்தராவது நின்னு தூணை அண்ணாந்து பார்க்கிறாங்களா? ரயிலைப் பிடிக்கிறதுலயே குறியா இருக்காங்க. ரசனை இல்லாத இவங்க கையில ஒரு வரலாற்றுச் சின்னத்தை விட்டு வைக்கலாமா? அதனால இந்த ஸ்டேஷனை மக்கள்கிட்டேயிருந்து மீட்டு, மக்கள்கிட்டயே ஒப்படைக்கப் போறோம். சமூகத்துக்கும் சுற்றுலாவுக்கும் இது பயன்படும்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் ஸ்டாண்டுக்காரரைப் பார்த்தார்கள். மக்கள் கருத்துச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டதாம்.

அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கக்கூஸ்ல தண்ணி வரமாட்டேங்குதுங்க. பொம்பளைங்க ரொம்ப..." என்று ஆரம்பித்தார்.

"மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள்னு எழுதிக்குங்க" என்றார் தலைவர்.

அடுத்ததாகப் படம் திறந்து வைக்கப்பட்டது. ஸ்டேஷன் கட்டிய புதிதில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ எடுத்த படம். வாரியத்தின் கிடங்கில் கண்ணாடித் தகட்டு நெகட்டிவாகக் கிடந்ததை எடுத்துத் துடைத்துச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். தூண்கள், கடிகாரம், தீயணைப்பு வாளிகள், பெஞ்சு, ஓர் இன்ஜின், கொடி பிடித்த ஸ்டேஷன் மாஸ்டர், சைக்கிளோடு நிற்கும் ஒரு மனிதன் என்று எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இனிமேல் இந்தப் படமே வேதம். படத்தில் உள்ளது உள்ளபடி ஸ்டேஷன் மீட்கப்படும். படத்தில் இல்லாதது எதுவும் இருக்காது என்று தலைவர் அறிவித்தார்.

ஸ்டாண்டுக்காரர் படத்தைப் பார்த்தார். தலை சுற்றுவது போலிருந்தது. ஊர்ப் பக்கம், வலது கோடியில் இருக்க வேண்டிய வாசல், படத்தில் இடது கோடியில் இருந்தது. இடது கோடிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஊர்ச் சாக்கடை இருக்கிறது. காலையில் வெறும் டீ மட்டும் குடித்ததால் வந்த மயக்கம் என்று நினைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

அப்போது மேஜைக்கு அந்தப் பக்கம், பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். படத்தைக் கழுவிக் கொடுத்த வாரியத்து லேப்காரர்.

"ஐயா, மன்னிக்கணும். ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. தகட்டைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துட்டேன். இடது வலதா, வலது இடதா வந்துடுச்சு. நாளைக்கே வேற படம் கொடுத்துடறேன்."

தலைவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர், பாவம் அந்த ஆள் தொலைந்தான் என்று ஸ்டாண்டுக்காரரின் காதில் சொன்னார்.

"இந்தப் படம் மூணு துணைக்குழுவுல பாஸ் ஆயிருக்கு. படம் தப்புன்னா மூணு குழுவும் தப்பு. மூணு குழுவும் தப்பா இருக்க முடியுமா?"

"இல்லீங்க, குழு தப்பில்லைங்க, தகடு..."

வாரியத்தின் நிபுணர் குறுக்கிட்டார். அவர் குறுக்கிடுவதற்கென்றே வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். "யோசிச்சுப் பாருங்க. படம் எடுத்த அன்னிக்கு என்ன இருந்ததோ அது படத்துல அப்படியே இருக்கு. ஒரு செங்கல்கூட மாறலை. கட்டடத்தை அப்புறம் யார் யாரோ தொட்டிருக்காங்க. சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க, ஓடு மாத்தியிருக்காங்க. ரெண்டுல எதை நம்பறது? கட்டடம்தான் தடம் மாறிப் போயிருக்கு."

லேப்காரர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். படத்தில் வாளியின் மேல் எழுத்து கண்ணாடியில் பார்த்தது போல இருப்பதைக் காட்டினார். அந்தக் காலத்தில் வாளி திருட்டு அதிகம், திருடன் படிக்க முடியாதபடி அப்படித்தான் எழுதினார்கள் என்று நிபுணர் விளக்கினார். எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.

உண்மையைச் சொன்னதற்காக அந்த வாரியத்தில் யாரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை. அதற்கென்று ஓர் அறை இருக்கிறது. நாற்காலி உண்டு, மேஜை உண்டு, வேலை மட்டும் கிடையாது. லேப்காரர் அன்று மாலையே அங்கே குடிபோனார்.

ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது மனைவி டியூபைத் தண்ணீரில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மக்கள் என்ன சொன்னாங்க?" என்றாள் கேலியாக.

"ஸ்டேஷனைத் திருப்பி வைக்கப் போறாங்களாம். போட்டோவுல அப்படி இருக்காம்."

"போட்டோவைத் திருப்பி மாட்டச் சொல்றதுதானே?"

"ஒருத்தர் சொன்னாரு. அவரை ரூமுக்குள்ள போட்டுட்டாங்க."

அவள் டியூபைக் கீழே வைத்தாள். "வாசல் அந்தப் பக்கம் போனா நம்ம ஸ்டாண்டு என்னத்துக்கு ஆகும்? சுவத்துக்கு டோக்கன் கொடுப்பீங்களா?"

அதைத்தான் அவரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். ஆனாலும், படித்தவர்கள் அப்படியா விட்டுவிடுவார்கள், ஏதாவது வழி செய்வார்கள் என்று சொல்லி வைத்தார். அவளும் அதை நம்பியவள் போல மறுபடி டியூபை எடுத்துக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. முதலில் வாசலை அடைத்தார்கள். செங்கல் வைத்து, பூசி, பூச்சு பழையதாகத் தெரிய வேண்டும் என்று அதன்மேல் டீத்தூள் தண்ணீர் அடித்தார்கள். சாக்கடைப் பக்கச் சுவரை உடைத்து அங்கே வாசல் வைத்தார்கள். அந்தச் சாக்கடை லேசுப்பட்டதல்ல. ஊரின் அத்தனை வீடுகளும் சேர்ந்து வளர்த்த சாக்கடை. கறுத்து, நுரைத்து, மேலே ஓர் ஏடு படிந்து, வெயில் ஏறினால் புரண்டு படுக்கும். அதைத் தாண்டப் பலகை போட்டார்கள். காலையில் வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்தி, டிபன் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்தப் பலகையில் நடந்தார்கள். சாக்கடையையாவது மூடக் கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். படத்தின் இடது மூலையில் ஏதோ பள்ளம் போலத் தெரிகிறது, ஆகவே அது பாதுகாக்கப்பட்ட பகுதி என்று பதில் வந்தது.

டிக்கெட் ஜன்னல், கக்கூஸ் இருந்த இடத்துக்குப் போனது. கக்கூஸ் எங்கே போனது என்றால், எங்கேயும் போகவில்லை. படத்தில் கக்கூஸ் இல்லை. அந்தக் காலத்தவர்கள் மிகுந்த கட்டுப்பாடு உள்ளவர்கள் என்று நிபுணர் ஒரு கட்டுரையே எழுதினார். பெஞ்சை இடம் மாற்றிப் போட்டதில் அது சுவரைப் பார்த்து அமைந்தது. உட்கார்ந்தால் முழங்கால் இடித்தது. கடிகாரம்தான் எல்லாவற்றுக்கும் சிகரம். படத்தில் எண்கள் மறுபுறமாக இருந்தபடியால் அப்படியே எழுதச் சொல்லி, முள்ளும் அதற்கு ஒத்துப் பின்னோக்கிச் சுற்றும்படி ஒரு கடிகாரத்தைத் தனியாகச் செய்து வாங்கினார்கள். அதைப் பார்த்துவிட்டு ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நின்றவர்கள் எல்லாம் ரயிலை விட்டார்கள். நம் முன்னோர் காலத்தை வேறு விதமாகப் பார்த்தார்கள் என்று அதன் கீழே ஒரு பலகை வைத்தார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டருக்கும் உத்தரவு வந்தது. படத்தில் இருப்பவர் இடது கையில் கொடி பிடித்திருக்கிறார், சட்டைப் பொத்தானையும் மறுபக்கம் போட்டிருக்கிறார், அப்படியே நடக்கவும் என்று. மனுஷன் சட்டையை டெய்லரிடம் கொடுத்துப் பொத்தானை மாற்றிக்கொண்டார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். "எனக்குப் பென்ஷன் வேணும். நான் எந்தக் கையால வேணும்னாலும் கொடி பிடிப்பேன், ஸ்டாண்டுக்காரரே, கால்ல பிடிக்கச் சொன்னாலும் பிடிப்பேன்" என்றார்.

இதற்கிடையில் ஸ்டாண்டில் ஈ ஓட்டினார்கள். பழைய வாசல் சுவராகிவிட்டதால் வண்டியை இங்கே விட்டவன் கட்டடத்தைச் சுற்றி, வேலியைச் சுற்றி, பலகையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அதற்குள் ரயில் போய்விடும். ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். புது வாசல் பக்கம் இடம் கேட்கலாம் என்று ஸ்டாண்டுக்காரர் வாரிய அலுவலகத்துக்கு நடந்தார். அவர் கோரிக்கை சமூகப் பயன்பாட்டுத் துணைக்குழுவுக்கு உரியது என்று அங்கே அனுப்பினார்கள். சமூகப் பயன்பாட்டுத் துணைக்குழுவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள். மிகவும் அன்பானவள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துக் கடைசிவரை கேட்டாள்.

"உங்க கோரிக்கை நியாயம்தான். ஆனா சமூகம் திறப்பு விழாவுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அதுவரைக்கும் சமூகம்னு ஒண்ணு கிடையாது."

"நாங்க இத்தனை வருஷமா இங்கதானேம்மா இருக்கோம்?"

"இருக்கீங்க. ஆனா சமூகமா இல்லை. ஆக்கிரமிப்பா இருக்கீங்க."

அதை அவள் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் நோயின் பெயரைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஸ்டாண்டுக்காரர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

படியில் தலைவரே எதிர்ப்பட்டார். கைக்குட்டை மூக்குக்குப் போய்ப் பாதியில் நின்றது. ஸ்டாண்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிபுணரைக் கூப்பிட்டார். நிபுணர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"படத்துல இருக்கிற சைக்கிள் ஆள் மாதிரியே இருக்கார்" என்றார் நிபுணர்.

விஷயம் இதுதான். படத்தில் எல்லாம் அமைந்துவிட்டது, மனிதர்கள்தான் பாக்கி. ஸ்டேஷன் மாஸ்டர் கிடைத்துவிட்டார். சைக்கிளோடு நிற்க ஓர் ஆள் வேண்டும். காலையிலிருந்து மாலைவரை நின்றால் போதும், பேசக் கூடாது, சுற்றுலாப் பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். திறப்பு விழா வரைக்கும் நின்றுவிட்டால் அப்புறம் ஸ்டாண்டு விஷயத்தை அனுதாபத்தோடு பரிசீலிக்கலாம் என்றார் தலைவர்.

"புது வாசல் பக்கத்துல இடம் கொடுப்பீங்களாங்க?"

"உங்களுக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறோம்?"

இந்த வாக்கியத்தில் கொடுக்கிறோம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை என்பதை வீட்டில் மனைவிதான் எடுத்துச் சொன்னாள். ஆனால் அதற்குள் அவர் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

தலையாட்டினால் போதாது, தலையையே மாற்ற வேண்டும் என்று மறுநாள் தெரிந்தது. படத்தில் உள்ள ஆளுக்கு வகிடு மறுபக்கம். சட்டையும் மறுபக்கம். ஸ்டாண்டுக்காரரின் வலது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. அதற்கு மாவு பூசி மறைத்து, இடது கன்னத்தில் மையால் ஒரு மச்சம் வைத்தார்கள். படத்தின் ஆளுக்கு மச்சம் இருந்ததா என்று அவர் கேட்டார். இருந்திருந்தால் இடதில்தான் இருந்திருக்கும் என்றார் நிபுணர். உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு நிற்கச் சொன்னார்கள். அவருடைய இடது முழங்கால் மழைக்காலத்தில் சொல்பேச்சுக் கேட்காது. அது படத்துக்குத் தெரியுமா?

மாலையில் அந்தக் கோலத்தோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவைப் பாதி திறந்து பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

"ஏய், நான்தான்."

"அவர் ஸ்டேஷனுக்குப் போயிருக்காருங்க. சைக்கிள் ஸ்டாண்டு வச்சிருக்காரே, அவருதானே? எப்ப வருவாருன்னு தெரியலை."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று அவர் பார்க்கவில்லை. முகத்தைக் கழுவப் போனார். மாவு போயிற்று, மை போகவில்லை.

விழா நெருங்கியபோது கடைசிச் சிக்கல் வந்தது. அது ரயில். படத்தில் உள்ள இன்ஜின் இடது பக்கம் பார்த்து நின்றது. காலை ரயிலோ நகரத்தைப் பார்த்து, அதாவது வலது பக்கம் பார்த்து வந்து நின்றது. ரயில் தினமும் வரலாற்றுக்கு எதிராக வருகிறது என்று வாரியம் ரயில்வேக்கு எழுதியது. எதிர்த் திசையில் ஓட்ட முடியுமா என்று கேட்டது. நகரம் அந்தத் திசையில் இல்லை என்று ரயில்வே பதில் எழுதியது. அதிகாரிகள் இப்படிச் சின்னச் சின்னக் காரணங்களைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்று தலைவர் வருந்தினார். முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு பழைய இன்ஜினை வாங்கிச் சாயம் அடித்து, இடது பக்கம் பார்க்க வைத்து, பிளாட்பாரத்தை ஒட்டிய தண்டவாளத்தில் நிரந்தரமாக நிறுத்தினார்கள். நிஜ ரயில் இனிமேல் அடுத்த தண்டவாளத்தில் வந்து, ஸ்டேஷனில் நிற்காமல், ஊர்ப் பக்கமாகக் கொஞ்ச தூரம் தள்ளி ஜல்லி மேட்டில் நிற்கும்.

ஜல்லி மேட்டில் பிளாட்பாரம் இல்லை, நிழல் இல்லை, விளக்கு இல்லை. பெட்டியின் கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவில் ஓர் ஆள் இடுப்பளவு ஆகாயம் இருந்தது. முதல் நாள் ஒரு கிழவர் மேலே ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்க, உள்ளே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுக்க, கீழே இருந்தவர்கள் பின்னாலிருந்து தள்ள, மூட்டையை ஏற்றுவது போல ஏற்றினார்கள். அந்தக் காட்சியைச் சைக்கிளோடு இடது காலில் நின்றபடி ஸ்டாண்டுக்காரர் தூரத்திலிருந்து பார்த்தார். பக்கத்தில் சாயம் காயாத இன்ஜின். யாரும் ஏறாத, யாரும் இறங்காத, துடைத்து வைத்த எச்சில் இலை போன்ற பிளாட்பாரம். அவருக்கு வாயில் கசப்பு ஊறியது. பிளாட்பாரத்தில் துப்பக் கூடாது என்பதால் விழுங்கினார்.

அன்று மாலை மனைவி எழுந்து ஸ்டாண்டுக்குப் போனாள். பழைய ஸ்டாண்டின் தகரத்தைக் கழற்றி, கழியைப் பிடுங்கி, பஞ்சர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஜல்லி மேட்டுக்குப் பக்கத்துப் பொட்டலில் கொண்டுபோய் இறக்கினாள். ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்து ரயில் பெட்டிக்குப் படியாக வைத்தாள். மறுநாள் இரண்டு வண்டி நின்றது. அதற்கு மறுநாள் டீக்காரன் ஒருவன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரோ ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். அது ரயில் வரும் திசையைப் பார்த்திருந்தது. அதைப் பார்த்தே சிலர் சந்தோஷப்பட்டார்கள். வண்டிகள் வரிசை வரிசையாகப் பெருகின.

"நீங்களும் வந்துடுங்களேன். ஒத்தையா என்னால சமாளிக்க முடியலை" என்றாள்.

"விழா முடியட்டும். வாசல்ல இடம் கொடுத்தா கூரையோட கொடுப்பாங்க. இது பொட்டல், எப்ப வேணா விரட்டுவாங்க."

"விரட்டினா தூக்கிட்டு இன்னொரு இடம் போவோம். நிக்கச் சொன்னா நிக்கிறதுக்கு நாம என்ன பொம்மையா?"

அவர் மறுநாளும் போய் நின்றார். வாக்குக் கொடுத்தாயிற்று, எதற்குக் கொடுத்தோம் என்பதுதான் மறந்துபோய்க்கொண்டிருந்தது.

விழா நாள். சாக்கடைமேல் கம்பளம் விரித்து, வாசனைத் தண்ணீரைப் பீப்பாய் பீப்பாயாக ஊற்றியிருந்தார்கள். ஊர்ச் சாக்கடை ரோஜா வாசம் பூசிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். இருவரும் வரவேற்புக் குழு. சிறப்பு விருந்தினர் வந்து ரிப்பன் வெட்டினார். பின்னோக்கி ஓடும் கடிகாரத்தைப் பார்த்து, விழா சரியான நேரத்துக்கு முன்பே தொடங்கியதாகப் பாராட்டினார். பிறகு குனிந்து தலைவரின் காதில் ஏதோ கேட்டார். தலைவர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் படத்தைப் பார்த்தார். படத்தில் அது இல்லை. பெரிய மனிதர் உரை முழுவதையும் கால்களை மாற்றி மாற்றி வைத்தபடியே பேசி முடித்தார். அவ்வளவு உணர்ச்சியோடு அவர் பேசிக் கேட்டதில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

விருந்தினர் அவசரமாகக் காரில் ஏறிப் போனபின் ஸ்டாண்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தலைவரிடம் வந்தார்.

"ஐயா, விழா முடிஞ்சுது. ஸ்டாண்டுக்கு இடம் தர்றதாச் சொன்னீங்க."

"எந்த ஸ்டாண்டு?" தலைவர் அவரைத் தோளில் கை வைக்காத குறையாகப் படத்தின் முன் அழைத்துப் போனார். "நல்லாப் பாருங்க. படத்துல எத்தனை சைக்கிள் இருக்கு?"

"ஒண்ணுதாங்க."

"ஒண்ணு. நீங்க கேக்கறது ஸ்டாண்டு. வரிசையா வண்டி வந்து நிக்கும். அது வரலாற்றுக்குச் செய்யற துரோகம் இல்லையா? ஆனா உங்களை நாங்க கைவிடலை. நிரந்தரமா நிக்கலாம். மரபுச் சின்னம்னு அட்டை கொடுக்கறோம். ஆயுசுக்கும் உங்களை யாரும் இடிக்க முடியாது."

ஸ்டாண்டுக்காரர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு தலைவர் குரலைத் தாழ்த்தினார். மரியாதையும் கூடவே தாழ்ந்தது.

"இன்னொண்ணு. அந்த ஜல்லி மேட்டுல ஒரே கூட்டம், தகரம், வண்டி, டீ அடுப்பு. சுற்றுலாப் பயணி எங்க நின்னு படம் எடுத்தாலும் பின்னால அந்த ஜனங்க விழுறாங்க. கண்றாவியா இருக்கு. அந்தத் தகரத்தைப் போட்டது உன் சம்சாரமாமே? எடுக்கச் சொல்லிடுய்யா. மத்ததை நாங்க மறைச்சுக்கறோம்."

மறைக்க ஏற்பாடு தயாராகத்தான் இருந்தது. ஊர்ப் பக்கம் இரண்டு கம்பங்கள் நட்டு, கூரை உயரத்துக்கு ஒரு திரை. அதில் மரங்களும் மலைகளும் ஒரு நீல ஆறும் வரைந்திருந்தார்கள். மனிதர்களை வரையவில்லை. ஆட்கள் கயிற்றை இழுக்கத் தொடங்கினார்கள்.

"ஒரு முனையைப் பிடிய்யா" என்றார் தலைவர்.

திரை ஒரு கம்பத்திலிருந்து மற்றதை நோக்கி நகர நகர, எதிரே தெரிந்த ஜல்லி மேடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. முதலில் தகரம் மறைந்தது. பிறகு டீ அடுப்பின் புகை. அவர் மனைவி இரண்டு கைகளிலும் இரண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வண்டியை இடுப்பால் முட்டுக்கொடுத்தபடி யாருக்கோ டோக்கன் எடுத்துக் கொடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அவளும் மறையப் போகிறாள்.

ஸ்டாண்டுக்காரர் கயிற்றைத் தொடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பழைய இன்ஜினைத் தாண்டி, பிளாட்பாரச் சரிவில் இறங்கி, திரைக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனார். படத்தில் ஓட்டை விழுகிறது, யோவ், படத்தில் ஓட்டை விழுகிறது என்று நிபுணர் பின்னால் கத்திக்கொண்டே ஓடிவந்தார். சாயம் ஈரமாக இருந்ததால் திரைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் இருந்த மையைப் பார்த்தாள். முட்டுக்கொடுத்திருந்த வண்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதை அந்த வரிசையில போடுங்க. பின் சக்கரத்துல காத்து இல்லை, பார்த்து."

அவர் போட்டார். அடுத்ததைப் போட்டார். சட்டையின் மறுபக்கப் பொத்தான் ஒன்று தெறித்து ஜல்லிக்குள் போயிற்று. திரைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி முழங்க ஆரம்பித்தது. சமூகம் இன்று தன் ஸ்டேஷனைத் திரும்பப் பெற்றிருக்கிறது, சமூகம் கை தட்ட வேண்டும் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். சமூகம் டிரம்மின் மேல் கால் வைத்து ரயிலில் ஏறிக்கொண்டிருந்தது. கை ஒன்று கம்பியைப் பிடித்திருந்தது, மற்றது பையை.

அவசரமாக வண்டியை விட்டுவிட்டு ஓடப் பார்த்த ஒருவர், ஊருக்குப் புதியவர் போலிருக்கிறது, ஒரு நிமிஷம் நின்று திரையையும் சத்தத்தையும் பார்த்தார்.

"அந்தப் பக்கம் என்னங்க அது?"

ஸ்டாண்டுக்காரர் டோக்கனைப் பிய்த்து அவர் கையில் வைத்தார்.

"முன்னாடி அங்க ஸ்டேஷன் இருந்துச்சுங்க. நீங்க ஏறுங்க, ரயில் கிளம்புது."